கரியமில வாயுவைப் பிடிக்கும் அயனித் திரவங்கள்

சித்திரை வெயிலில் தென்னூர்க் கடைத்தெருவில் நடந்து வருபவருக்குக் கோலி சோடாவின் நினைவு வராமல் போகாது. கடைக்காரர் கட்டையை வைத்துக் கோலியை அழுத்துகிறார். 'புஸ்' என்ற ஓசையுடன் நுரை பொங்குகிறது. தாகத்தில் இருப்பவருக்கு அந்த நுரையைப் பற்றிச் சிந்திக்க நேரம் இராது. ஆயினும் இன்று உலகின் அறிவியலாளர்களையும் பொறியாளர்களையும் வருத்திக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சிக்கலின் முதற்பாடம் அந்த நுரையில்தான் இருக்கிறது.

சோடாவில் கரைந்திருப்பது கரியமில வாயு. ஒரு வாயு ஒரு திரவத்தில் எவ்வளவு கரையும் என்பது, திரவத்தின் மேல் அந்த வாயு செலுத்தும் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் இரு மடங்கானால் கரையும் அளவும் ஏறத்தாழ இரு மடங்காகும். இதுவே ஹென்றி விதி. கோலியைத் தள்ளியதும் அழுத்தம் குறைகிறது. கரைந்த வாயு வெளியேறுகிறது. வெப்பநிலைக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 3.3 கிராம் கரியமில வாயு கரையும். 25 டிகிரியில் 1.5 கிராம் அளவே கரையும். வெயிலில் வைத்த சோடா அதிகம் பொங்குவது இதனால்தான்.

ஆக, வாயுவைத் திரவத்தில் பிடிக்க அழுத்தமும் குளிர்ச்சியும் வேண்டும். பிடித்ததை விடுவிக்க அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். அல்லது சூடேற்ற வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிக்குச் செல்வோம்.

ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ

தென்னூர் மின்வாரிய அலுவலகத்தில் கட்டணம் செலுத்தும்போது நாம் யூனிட்டுகளைக் கணக்கிடுகிறோம். அதே யூனிட்டை வேறொரு விதமாகவும் கணக்கிடலாம். நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுக்கும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. 210 மெகாவாட் திறனுள்ள ஓர் அலகு முழு வேகத்தில் ஓடினால், மணிக்கு ஏறத்தாழ 200 டன்!

1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் தொடர்ந்து அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 315 பங்கு கரியமில வாயு இருந்தது. 2024இல் இது 420ஐத் தாண்டிவிட்டது. பூமி சூடேறுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பதை நாம் அறிவோம். நிகர வெளியீட்டைச் சுழி நிலைக்குக் கொண்டுவருவதற்கு இந்தியா 2070ஆம் ஆண்டை இலக்காக 2021இல் அறிவித்தது. அதுவரை இருக்கின்ற நிலக்கரிக் கொதிகலன்களை என்ன செய்வது? அவற்றில் கணிசமானவை நம் ஊரை அடுத்த திருவெறும்பூரில், பெல் தொழிற்சாலையில் உருவானவை. ஆகவே இந்தக் கேள்வியைத் திருச்சிக்காரர்கள் பிறர் வீட்டுக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது.

புகையில் கரியமில வாயு மட்டும் இருந்தால் சிக்கல் எளிது. அப்படியே குழாயில் அடைத்துவிடலாம். ஆனால் புகையில் அது 100க்கு 12 முதல் 14 பங்குதான். எஞ்சியதில் பெரும்பகுதி நைட்ரஜன். இந்தக் கலவையிலிருந்து கரியமில வாயுவை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். அதையும் மலிவாகச் செய்ய வேண்டும்.

பழைய வழி: அமீன் கரைசல்

தண்ணீரையே பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். புகையில் கரியமில வாயுவின் பகுதி அழுத்தம் 0.13 வளிமண்டலம் அளவே. ஹென்றி விதிப்படி ஒரு லிட்டர் தண்ணீரில் 0.2 கிராமுக்கும் குறைவாகவே கரையும். இது பயன்படாது. எனவே வாயுவோடு வேதிவினை புரிந்து பிணைத்துக்கொள்ளும் ஒரு பொருள் தேவை.

அமீன்கள் என்ற காரச் சேர்மங்கள் இதைச் செய்யும். இம்முறைக்கு ஆர். ஆர். பாட்டம்ஸ் என்பவர் 1930இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்றும் ஒப்பீட்டுக்கு அளவுகோலாக இருப்பது மோனோ எத்தனால் அமீன் என்ற பொருளின் 30 விழுக்காட்டு நீர்க்கரைசல்.

முறை எளிமையானது. உயரமான ஒரு கோபுரத்தின் உச்சியிலிருந்து கரைசல் மழைபோல் இறங்குகிறது. அடியிலிருந்து குளிர்ந்த புகை மேலேறுகிறது. சுமார் 40 டிகிரியில் கரைசல் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ள, எஞ்சிய புகை வெளியேறுகிறது. நிறைந்த கரைசல் இரண்டாவது கோபுரத்திற்குச் சென்று சுமார் 120 டிகிரிக்குச் சூடேற்றப்படுகிறது. அங்கே தூய கரியமில வாயு வெளியேற, வெறுமையான கரைசல் மீண்டும் முதற்கோபுரத்திற்குத் திரும்புகிறது. நம் இரத்தம் நுரையீரலுக்கும் உடலுக்கும் இடையே சுற்றிவருவது போல இந்தக் கரைசலும் ஓயாமல் சுற்றிவருகிறது.

குறை எங்கே? சூடேற்றும் செலவில். ஒரு டன் கரியமில வாயுவை விடுவிக்க ஏறத்தாழ 3.7 ஜிகாஜூல் வெப்பம் தேவை. இந்த வெப்பம் மூன்று வழிகளில் செலவாகிறது. முதலாவது, அமீனுக்கும் வாயுவுக்கும் உள்ள பிணைப்பை அறுக்க. இது ஒரு மோலுக்குச் சுமார் 85 கிலோஜூல். அதாவது டன்னுக்கு 1.9 ஜிகாஜூல். இரண்டாவது, கரைசல் முழுவதையும் 120 டிகிரிக்கு உயர்த்த. அதில் 100க்கு 70 பங்கு தண்ணீர். தண்ணீரின் தன்வெப்பம் மிகுதி என்பதை நீங்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். மூன்றாவது, அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகப் போவதால்.

நம் 210 மெகாவாட் அலகுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். மணிக்கு 200 டன், டன்னுக்கு 3.7 ஜிகாஜூல் என்றால், வினாடிக்கு 205 மெகாஜூல். அதாவது 205 மெகாவாட் வெப்பம். கொதிகலனில் நிலக்கரி தரும் வெப்பமே ஏறத்தாழ 600 மெகாவாட்தான்! சுழலியை ஓட்டி ஓரளவு ஆற்றல் இழந்த நீராவியையே இதற்குத் திருப்பிவிடலாம் என்பதால் இழப்பு அவ்வளவு கொடியதன்று. ஆயினும், பிடித்த வாயுவை அழுத்தி அடைக்கும் வேலையையும் சேர்த்தால், உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். அதே மின்சாரத்தைப் பெற மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியைக் கூடுதலாக எரிக்க நேரும். அந்தச் செலவு இறுதியில் யார் வீட்டு மின் கட்டணத்தில் சேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இயற்கை கேட்கும் கூலி உண்மையில் எவ்வளவு? புகையிலிருந்து ஒரு டன் கரியமில வாயுவைப் பிரிக்க வெப்ப இயக்கவியல் விதிக்கும் குறைந்த அளவு வேலை ஏறத்தாழ 170 மெகாஜூல்தான். மேற்கண்ட நீராவி மின்சாரமாகியிருந்தால் டன்னுக்கு ஏறத்தாழ 800 மெகாஜூல் கிடைத்திருக்கும். அதாவது, கட்டாயக் கூலியைப் போல் நான்கைந்து மடங்கு கொடுக்கிறோம். சிக்கனத்திற்கு இடம் உண்டு என்பது இதனால் விளங்கும்.

தூத்துக்குடியில் நடந்தது

கரைப்பானை மாற்றுவதால் மட்டும் செலவு குறையுமா? குறையும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் ஆலை சோடா உப்புத் தயாரிப்பது. சமையல் உப்பு, அம்மோனியா, தண்ணீர், கரியமில வாயு ஆகியவை சேர்ந்தால் சோடியம் பைகார்பனேட்டும், உரமாகப் பயன்படும் அம்மோனியம் குளோரைடும் கிடைக்கும். பைகார்பனேட்டைச் சூடாக்கினால் சோடா உப்பு. ஆகவே கரியமில வாயு இந்த ஆலைக்குக் கழிவன்று, மூலப்பொருள்.

2016இல் இந்த ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்தே ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடிப்பதற்கான அமைப்பை நிறுவியது. அதற்கான கரைப்பானை அளித்தது, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இரு இளைஞர்கள் 2009இல் தொடங்கிய கார்பன் கிளீன் என்ற நிறுவனம். அமீனுடன் சில உப்புகளைச் சேர்த்து அமைத்த அந்தக் கரைப்பானுக்குச் சூடும் குறைவாகப் போதும்; இரும்பை அரிப்பதும் குறைவு. டன்னுக்குச் சுமார் 30 டாலர்தான் செலவு என்று அந்நிறுவனம் கூறியது. அரசு மானியம் இன்றி நடந்த முயற்சி என்பதால் உலகப் பத்திரிகைகள் இதைப் பெரிதாக எழுதின. ஆலைத் தலைவரோ, உலகைக் காப்பதற்காக இதைச் செய்யவில்லை, தடையின்றிக் கரியமில வாயு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே செய்தேன் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார். மலிவானால் எதுவும் நடைமுறைக்கு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரு எச்சரிக்கைகள். ஆண்டுக்கு 60,000 டன் என்பது நாளுக்கு 165 டன் அளவு. நம் 210 மெகாவாட் அலகு ஒரு மணி நேரத்திற்குள் விடும் புகைக்கு அது ஈடு. மேலும், சோடா உப்பில் அடைபட்ட வாயு நிலையாக அங்கேயே தங்குவதில்லை. ஆப்ப மாவில் சோடியம் பைகார்பனேட்டைப் போட்டால் மாவு உப்புவது எதனால்? அதே கரியமில வாயு வெளியேறுவதால்! கண்ணாடி உலையிலும் இதே கதைதான். வேறு எரிபொருளை எரித்து அந்த வாயுவைத் தயாரிக்கும் தேவை குறைகிறது என்பதே இதில் ஆதாயம்.

2022இல் மத்தியப் பிரதேசத்தின் விந்தியாச்சல் அனல்மின் நிலையத்தில் தேசிய அனல்மின் கழகம் நாளொன்றுக்கு 20 டன் பிடிக்கும் அமைப்பை நிறுவியது. பாதை திறந்திருக்கிறது, ஆனால் அகலமாகவில்லை. அதை அகலப்படுத்தக்கூடியவை என்று ஆய்வாளர்கள் கருதும் பொருள்களில் ஒன்றுதான் அயனித் திரவம்.

உருகிய உப்பு, ஆனால் சுடாது

சமையல் உப்பு சோடியம், குளோரைடு அயனிகளால் ஆனது. இரண்டும் உருண்டையான சிறு அயனிகள். எலுமிச்சம் பழங்களைக் கூடையில் அடுக்குவது போல நெருக்கமாக அடுக்கலாம். நேர்மின், எதிர்மின் அயனிகள் அருகருகே இருப்பதால் கவர்ச்சி மிக வலிது. அதனால்தான் உப்பை உருக்க 801 டிகிரி வேண்டியிருக்கிறது.

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார்களையும் பலாப்பழங்களையும் ஒரே லாரியில் ஏற்றுவதைப் பாருங்கள். எப்படி அடுக்கினாலும் இடைவெளி விழும். அதுபோல, பருத்து, கோணலான வடிவமுள்ள அயனிகளைக் கொண்டு உப்பு செய்தால், அவை ஒழுங்காக அடுக்கப்படமாட்டா, கவர்ச்சியும் தளர்ந்திருக்கும். அத்தகைய உப்பு அறை வெப்பநிலையிலேயே திரவமாக இருக்கும். இதுவே அயனித் திரவம். 100 டிகிரிக்குக் கீழ் உருகும் உப்புகளை இப்பெயரால் அழைப்பது வழக்கம். பால் வால்டன் என்ற வேதியியலாளர் 1914இல் விவரித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் 12 டிகிரியிலேயே உருகும். நெடுங்காலம் அது ஓர் அதிசயப் பொருளாகவே கிடந்தது. 1992இல் காற்றையும் ஈரத்தையும் தாங்கும் அயனித் திரவங்கள் வந்த பிறகே ஆய்வு வேகமெடுத்தது.

அயனிகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் இத்திரவங்கள் எளிதில் ஆவியாவதில்லை. திறந்து வைத்தாலும் மணம் வீசாது; அளவும் குறையாது. புகைக்கோபுரத்தில் இது பெரிய ஆதாயம். தண்ணீரை ஆவியாக்கும் வீண்செலவு இல்லை. தன்வெப்பமும் தண்ணீரினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். நம் வெப்பக் கணக்கில் இரண்டாவது, மூன்றாவது செலவுகள் இதனால் குறையக்கூடும்.

1999இல் அமெரிக்காவில் ஜோன் பிரென்னக் குழுவினர், கரியமில வாயு அயனித் திரவத்தில் நன்றாகக் கரைகிறது, ஆனால் அயனித் திரவம் அந்த வாயுவில் கரைவதே இல்லை என்று காட்டினர். கரைப்பான் வாயுவோடு சேர்ந்து ஓடிப்போகாது என்பது இதன் பொருள்.

அரை கிராம் கணக்கு

இனி நிலக்கரிப் புகைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். மிக விரிவாக ஆராயப்பட்ட ஓர் அயனித் திரவத்தை எடுத்துக்கொள்வோம்: பியூட்டைல் மீத்தைல் இமிடசோலியம் ஹெக்சாபுளூரோபாஸ்பேட். பெயர் நீளம், கணக்கு எளிது. 25 டிகிரியில் இதில் கரியமில வாயுவின் ஹென்றி மாறிலி ஏறத்தாழ 53 வளிமண்டலம். புகையின் பகுதி அழுத்தமான 0.13ஐ இதனால் வகுத்தால் மோல் பின்னம் 0.0025. ஒரு லிட்டரில் இத்திரவம் 4.8 மோல் இருக்கிறது. ஆகவே கரையும் வாயு 0.012 மோல், அதாவது அரை கிராம்!

தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு மட்டுமே. அமீன் கரைசலோ ஒவ்வொரு சுற்றிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 45 கிராம் கொண்டுசெல்கிறது. மணிக்கு 200 டன் பிடிக்க அமீன் கரைசல் 44 லட்சம் லிட்டர் சுற்றிவந்தால், இந்த அயனித் திரவம் 40 கோடி லிட்டர் சுற்ற வேண்டும். காவிரிக் கரையில் இருக்கும் நமக்குப் பழகிய அளவில் சொன்னால் விநாடிக்கு ஏறத்தாழ 3,900 கன அடி. புகைபோக்கி ஒன்றுக்காக ஒரு வாய்க்காலே ஓட வேண்டும்!

அதே திரவம் வேறிடத்தில் பயன்படும். நிலக்கரியை நேரே எரிக்காமல் அழுத்தத்தில் வாயுவாக்கும் முறை ஒன்றுண்டு. 1980களின் இறுதியில் திருச்சி பெல் நிறுவனமே இவ்வகையில் 6.2 மெகாவாட் சோதனை நிலையம் ஒன்றை அமைத்தது. இவ்வகை வாயுவை நீராவியுடன் மேலும் வினைபுரியச் செய்தால், கரியமில வாயுவின் பகுதி அழுத்தம் 7 வளிமண்டலம் அளவுக்குக்கூட வரலாம். அப்போது அதே லிட்டர் திரவம் ஏறத்தாழ 30 கிராம் பிடிக்கும். விடுவிக்கச் சூடேற்றவும் வேண்டாம்; கோலியைத் தள்ளுவது போல அழுத்தத்தைக் குறைத்தால் போதும்.

உடும்புப்பிடியும் வேண்டாம்

சாதாரணப் புகைக்கு என்ன வழி? 2002இல் ஜேம்ஸ் டேவிஸ் குழுவினர் அயனித் திரவத்தின் ஓர் அயனியிலேயே அமீன் தொகுதியை ஒட்டவைத்தனர். வாயு வேதிமுறையில் பிணைந்தது. ஆனால் புதிய இடர் வந்தது: வாயுவைப் பிடித்ததும் திரவம் கூழ்போல் இறுகிவிட்டது.

பாகுநிலைதான் அயனித் திரவங்களின் பெரிய குறை. நாம் மேலே கணக்கிட்ட திரவமே தண்ணீரைப் போல் 300 மடங்கு அளவுக்குப் பாகுநிலை உடையது. நல்லெண்ணெய்க்கும் விளக்கெண்ணெய்க்கும் இடைப்பட்டது. பாகுநிலை கூடினால் மூலக்கூறுகள் ஊடுருவும் வேகம் குறையும். கோபுரம் பெரிதாக வேண்டும். பம்புக்கு மின்சாரம் கூடும். வெப்பத்தில் மிச்சப்படுத்தியது இரும்பிலும் மின்சாரத்திலும் போய்விடும்.

பிரென்னக், வில்லியம் ஷ்னைடர் ஆகியோரின் நோத்ருதாம் பல்கலைக்கழகக் குழு இதற்கு ஒரு வழி கண்டது. அமீனை நேர்மின் அயனியில் வைக்காமல், நைட்ரஜன் உள்ள வளைய அமைப்பை எதிர்மின் அயனியாகவே ஆக்கினர். 2010ஐ ஒட்டி வெளிவந்த இத்திரவங்களில் ஓர் அயனி ஒரு மூலக்கூறு வாயுவைப் பிடிக்கிறது. பாகுநிலையும் அவ்வளவாக ஏறுவதில்லை. வளையத்தில் சிறு மாற்றங்கள் செய்து பிணைப்பின் வலிமையை வேண்டியபடி அமைக்கலாம் என்பதே இதில் சிறப்பு. 85 கிலோஜூல் என்பது உடும்புப்பிடி. பிடித்ததை விடுவிக்கப் பெரும்பாடு. 15 கிலோஜூல் என்பது தாமரை இலைத் தண்ணீர். மெலிந்த புகையில் எதுவும் ஒட்டாது. 50 கிலோஜூல் அளவில் ஒரு நடுநிலையைத் தேர்ந்தால், பிணைப்பை அறுக்கும் செலவு டன்னுக்கு 1.1 ஜிகாஜூலாகக் குறையும்.

அதே குழுவினர் 2014இல் இன்னொரு வியப்பைக் காட்டினர். திண்மமாக உள்ள ஓர் அயனிச் சேர்மம் வாயுவைப் பிடித்ததும் உருகித் திரவமாகிறது. சூடேற்றி வாயுவை வெளியேற்றினால் மீண்டும் திண்மமாகிறது. உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படும் அல்லவா? அந்த வெப்பம் வாயுவை விடுவிக்கும் செலவில் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்கிறது!

விலைச்சீட்டு

சந்தையில் அமீன் மலிவு. அயனித் திரவம் பன்மடங்கு விலை. ஆனால் லிட்டர் விலையை மட்டும் பார்ப்பது தவறு. அமீன் முறையில் ஒரு டன் வாயு பிடிக்க ஏறத்தாழ ஒன்றரை கிலோ அமீன் ஆவியாகியும் சிதைந்தும் வீணாகிறது. அயனித் திரவம் 20 மடங்கு விலை என்று வைத்துக்கொள்வோம். அப்போது டன்னுக்கு 75 கிராமுக்கு மேல் வீணாகாமல் பார்த்துக்கொண்டால் இந்தக் கணக்குச் சரிக்கட்டிவிடும். முதலில் தொட்டியை நிரப்பும் செலவு தனி. புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடு கரைப்பானைக் கெடுக்காமல் முன்னரே நீக்குவதும் செலவுதான்.

விலையைக் குறைக்கும் மற்றொரு வழி, எளிய மூலப்பொருளைத் தேடுவது. நாமக்கல் கோழிப்பண்ணையாளர்கள் அறிந்த தீவனச் சத்து கோலின் குளோரைடு. அது உருகுவது 302 டிகிரியில். யூரியா 133 டிகிரியில். ஒரு பங்கு கோலின் குளோரைடும் இரு பங்கு யூரியாவும் கலந்தால் கலவை 12 டிகிரியிலேயே திரவமாகும் என்று 2003இல் ஆண்ட்ரூ அபட் குழுவினர் இங்கிலாந்தில் காட்டினர். அயனித் திரவத்தின் பங்காளி எனத்தக்க இத்தகைய கலவைகளைத் தண்ணீருடனும் அமீனுடனும் சேர்த்துப் பரிசோதித்து வருகின்றனர். பாகுநிலையைக் குறைக்கச் சிறிது தண்ணீர். வெப்பச் செலவைக் குறைக்க மிகுதி அயனித் திரவம். இந்த விகிதத்தைக் கண்டறிவதே இன்றைய வடிவமைப்பாளரின் கலை.

ஆவியாகாது என்பதால் தீங்கற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. சில அயனித் திரவங்கள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. நாம் கணக்கிட்ட திரவமே ஈரத்துடன் சூடானால் சிதைந்து ஹைட்ரஜன் புளோரைடு என்ற கொடிய வாயுவைத் தரும்.

அயனித் திரவங்கள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம் இயற்கை எரிவாயுவிலிருந்து பாதரசத்தை நீக்க இவற்றைத் தொழில் அளவிலேயே பயன்படுத்தியிருக்கிறது. புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் வேலையில்தான் பெரும்பாலும் சோதனைக்கூடங்களிலும் சிறு முன்னோடி நிலையங்களிலும் நிற்கின்றன. சூரிய ஒளியும் காற்றாலையும் மலிவாகிவரும் இந்நாளில், புகையைக் கழுவுவதைவிடப் புகையே இல்லாமல் செய்வது நன்று என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சிமெண்டு ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமில வாயு வருகிறது. அரியலூர்ப் பக்கம் உள்ள ஆலைகளைச் சூரிய ஒளியால் இயக்கினாலும் அது வரத்தான் செய்யும். அங்கே கரைப்பானைத் தவிர்ப்பது கடினம்.

நேர்மின், எதிர்மின் அயனிகளை மாற்றி மாற்றி இணைத்தால் எண்ணற்ற அயனித் திரவங்கள் செய்யலாம். அவற்றில் பிடியும் விடுதலும் பாகுநிலையும் விலையும் ஒருங்கே பொருந்துவது எது? மாணவர்களே, இதற்கு விடை காண வேதியியல் மட்டும் போதாது. வெப்ப இயக்கவியலும் கணக்குப் போடும் பொறுமையும் வேண்டும். அடுத்த முறை கோலி சோடா குடிக்கும்போது அந்தப் 'புஸ்' ஓசையைக் கவனியுங்கள். அவ்வளவு எளிதாக வாயுவை விடும் ஒரு கரைப்பான், மெலிந்த புகையிலும் அதை இறுகப் பிடிக்குமானால், அதைத்தான் உலகம் தேடிக்கொண்டிருக்கிறது.